துண்டுக்குள் பேசிய விலை

சீடருக்கு வயது அறுபத்து மூன்று. குருவுக்கு முப்பத்து நாலு. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன். முதல் நாள் நாங்களும் சிரித்தவர்கள்தான்.

குருவின் பெயர் மகுடீஸ்வரி. ஒரு நூல் மில்லில் பதினோரு வருஷம் ஆபீஸ் வேலை பார்த்தவர். அதை விட்டுவிட்டு, ஈரோட்டில் ஒரு தையல் கடைக்கு மேலே மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்பு ஆரம்பித்தார். ஷேர் மார்க்கெட்டில் எப்படிப் பணம் போடுவது, கிரிப்டோ காயின் என்று ஊரே பேசுகிறதே அது என்ன, இதிலெல்லாம் எவ்வளவு தூரம் கால் வைக்கலாம் என்று சொல்லித் தருகிற வகுப்பு. நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்தோம். நான் பாத்திரக் கடைக்காரன். எங்கேயாவது சத்தம் கேட்டால் உடனே திரும்பிப் பார்க்கிற புத்தி எனக்கு. அந்தப் புத்திதான் என்னை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது.

வகுப்பின் முதல் விதி, எதை வாங்கலாம் என்று அவரிடம் கேட்கக் கூடாது. நாங்கள் போனதே அதைக் கேட்கத்தான். பாதிப் பேருக்கு அன்றைக்கே முகம் தொங்கிவிட்டது.

ராக்கியண்ணன் முகம் மட்டும் தொங்கவில்லை. அவர் மாட்டுத் தரகர். வியாழக்கிழமைச் சந்தையில் அவர் கைபடாமல் நல்ல ஜோடி ஒன்றும் கயிறு மாறாது என்பார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் பச்சைத் துண்டு. முதல் நாளே ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம் வைத்து எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார். வித்தை கற்க வருகிறவன் வெறுங்கையோடு வரக் கூடாதாம். மகுடீஸ்வரிக்குக் கூச்சமாகப் போய்விட்டது. இருந்தாலும் வாங்கிக்கொண்டு அவரை முன் வரிசையில் உட்கார வைத்தார். அன்றிலிருந்து எங்கள் எல்லோருக்கும் மகுடீஸ்வரி குருவாகிவிட்டார். ராக்கியண்ணன் மட்டும் "அம்மணி" என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கத்தில் அதைவிட மரியாதையும் கிடையாது, அதைவிடப் பிரியமும் கிடையாது.

அவர் போட வந்த பணம் அவருடையதல்ல. அவர் மனைவி பாவாயியுடையது. ஏழு லட்சம். இருபத்து மூன்று வருஷம் இருட்டோடு எழுந்து மாடு கறந்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றி, வாரா வாரம் வந்த காசில் மிச்சம் பிடித்தது. முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் மாடுகளை விற்று, அதையும் சேர்த்துப் புருஷன் கையில் கொடுத்திருந்தார். கொடுக்கும்போது ஒன்றுதான் சொன்னாராம். கடைசிக் காலத்தில் நாம ரெண்டு பேரும் பையன்கள் கையைப் பார்க்காமல் சோறு தின்ன வேண்டும்.

இதை ராக்கியண்ணனே எல்லோர் முன்னாலும் சொன்னார். சொல்லிவிட்டு, பையன்கள் நல்லவர்கள்தான், மருமகள்களும் நல்லவர்கள்தான் என்றும் சேர்த்துக்கொண்டார். ஆனாலும் ஒரு வாய்க் காபி வேண்டுமென்றால் வாசலில் நின்று இருமிக்காட்ட வேண்டிய நிலைமை தன் பெண்டாட்டிக்கு வரக் கூடாது என்றார். நாங்கள் யாரும் அப்போது சிரிக்கவில்லை.

முதல் மூன்று மாதம் குரு எங்களை விலையைப் பார்க்கவே விடவில்லை. ஆளுக்கு ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்ள வேண்டும். அது என்ன செய்கிறது, யார் வாங்குகிறார்கள், கடன் எவ்வளவு, நாளைக்கும் அதை யாராவது வாங்குவார்களா என்று விசாரித்து ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வர வேண்டும். நான் கல்லாவில் உட்கார்ந்தபடியே போனைப் பார்த்துப் பத்து நிமிஷத்தில் எழுதி முடித்தேன். எழுத்து நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அது பாராட்டில்லை என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

ராக்கியண்ணன் ஒரு மாட்டுத்தீவனக் கம்பெனியை எடுத்துக்கொண்டார். நாலு ஊருக்குப் போனார். மூட்டையைப் பிரித்து மோந்து பார்த்தார். மாட்டுக்கு வைத்துவிட்டு, தொட்டியில் மிச்சம் இருக்கிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்த்தார். கடைக்காரர்களிடம், கம்பெனி உங்களுக்குக் கடனுக்குச் சரக்கு தருகிறதா என்று கேட்டார். கடைசியில் அவர் எழுதி வந்தது இரண்டே வரி. மாடு மிச்சம் வைக்கவில்லை. கெஞ்சினாலும் கம்பெனி கடன் தரவில்லை.

குரு அதை இரண்டு தடவை படித்தார். பிறகு எங்களுக்கும் படித்துக் காட்டினார். இதற்குமேல் தான் சொல்லித் தர என்ன இருக்கிறது என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில் விளையாட்டு இல்லை.

அடுத்து வந்தது தேதி. மாதா மாதம் ஐந்தாம் தேதி, முன்பே முடிவு செய்த தொகை, முன்பே முடிவு செய்த இடம். விலை ஏறியிருந்தாலும் அதே தொகை, இறங்கியிருந்தாலும் அதே தொகை. அன்றைக்கு மனசு சரியில்லை என்றாலும் அதே தொகை. ஐந்தாம் தேதி வந்தால் எங்களில் ஒருவருக்காவது ஒரு சாக்கு வந்துவிடும். அடுத்த வாரம் இன்னும் இறங்கும் என்று நானே மூன்று மாதம் தள்ளிப்போட்டு, மூன்று தடவையும் ஏறின விலைக்கு வாங்கினேன். ராக்கியண்ணன் குளித்து, திருநீறு பூசி, போனை எடுத்து, சொன்ன தொகையைப் போட்டுவிட்டு, போனை வைத்துவிடுவார். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. பாவாயியின் ஏழு லட்சத்தில் நாலு லட்சம் மூன்று கம்பெனிகளில் பத்திரமாக உட்கார்ந்தது. மீதி மூன்று லட்சம் பேங்கில் கிடந்தது.

அந்த மூன்று லட்சத்துக்குத்தான் ஆபத்து வந்தது.

ராக்கியண்ணனின் மச்சினன் மகன் தரணி ஒரு காயின் வாங்கியிருந்தான். நாலு மாதத்தில் அது மூன்று மடங்கு ஆகிவிட்டது. பையன் புது பைக்கில் வந்து, மாமா வீட்டு வாசலில் நிறுத்தி, சும்மாவே இரண்டு தடவை முறுக்கினானாம். அந்தச் சனிக்கிழமை ராக்கியண்ணன் வகுப்பு முடிந்தும் எழுந்து போகவில்லை. நாங்களும் போகவில்லை. அவர் என்ன கேட்கப் போகிறார் என்று எங்களுக்குத் தெரியும். எங்களுக்கும் அதே கேள்விதான் இருந்தது.

அந்த மூன்று லட்சத்தையும் காயினில் போடலாமா என்று கேட்டார். குரு வழக்கம்போல, எதைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று திருப்பிக் கேட்டார்.

"பாக்கறதுக்கு அதுக்கென்ன பல்லா இருக்குது, கொளம்பா இருக்குது? ஒண்ணுமில்லீங்க அம்மணி. ஆனா நீங்களும் அதுல கொஞ்சம் வெச்சிருக்கறதா சொன்னீங்க."

"வெச்சிருக்கேனுங்க."

"அப்ப எனக்கு மட்டும் என்ன?"

நியாயமான கேள்வி. நாங்கள் குருவைப் பார்த்தோம். ராக்கியண்ணன் விடவில்லை. தரகனுக்குப் பயம் ஆகாது என்றார். நாற்பது வருஷத்தில் லட்ச ரூபாய் ஜோடிக்கெல்லாம் விலை பேசியிருக்கிறேன், இந்தக் கை ஒரு தடவைகூட நடுங்கியதில்லை என்று வலது கையை நீட்டிக் காட்டினார். கெட்டியான கை. நடுங்கவில்லைதான்.

குரு அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வியாழக்கிழமை நான் சந்தைக்கு வரலாமா என்று கேட்டார்.

நான் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு நானும் வருகிறேன் என்றேன். சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கிறவன் என்றுதான் சொன்னேனே.

மாட்டுச் சந்தைக்குப் பெண்கள் வராமலில்லை. டீ விற்க வருவார்கள், கயிறும் சலங்கையும் விற்க வருவார்கள். ஆனால் விலை பேசுகிற இடத்தில் நிற்க மாட்டார்கள். மகுடீஸ்வரி ராக்கியண்ணனுக்கு ஓரடி தள்ளி, சாணியில் செருப்பு புதைய நின்றார். எல்லோரும் ஒரு பார்வை பார்த்தார்கள். வாய் திறந்து யாரும் எதுவும் சொல்லவில்லை. கூட வந்தது ராக்கியண்ணன் இல்லையா.

அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். தரகர் துண்டை விரித்துக் கையின்மேல் போடுவார். விற்கிறவர் கை துண்டுக்கு அடியில் போகும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. நூறா, ஆயிரமா, லட்சமா என்பதை மட்டும் வாயால் சொல்லிக்கொள்வார்கள். வெளியே இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசுவார்கள், மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசுவார்கள். உள்ளே விரல்கள் அழுத்தும், மறுக்கும், மடங்கும், விட்டுக்கொடுக்கும். பிறகு அதே துண்டு வாங்குகிறவர் கைமேல் போகும். கடைசியில் படிந்துவிட்டால் படிந்ததுதான். எவ்வளவுக்குப் படிந்தது என்று பக்கத்து மாட்டுக்காரனுக்குத் தெரியாது. துண்டுக்குள் பேசியதை வெளியே சொல்கிற தரகனுக்கு அடுத்த வாரம் சந்தையில் வேலையும் கிடையாது.

அன்றைக்கு ராக்கியண்ணன் ஒரு காரிக் காளை ஜோடியைப் பேசி முடித்ததை நான் பார்த்தேன். முக்கால் மணி நேரம். விற்கிறவர் இரண்டு தடவை கையை உருவிக்கொண்டு போனார். வாங்க வந்தவர் ஒரு தடவை டீ குடிக்கப் போய்விட்டார். இவர் இருந்த இடத்திலிருந்து அசையவில்லை. முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. கடைசியில் இரண்டு பேரும் தாங்களாகவே திரும்பி வந்தார்கள். கயிறு மாறியபோது எனக்குப் புல்லரித்தது. இந்த மனுஷன் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்கிறாரே என்று வெட்கமாகவும் இருந்தது.

குருவும் அசந்துதான் போயிருந்தார். அதை மறைக்கவும் இல்லை. எப்படிக் கை நடுங்காமல் இருக்கிறது என்று கேட்டார். பழக்கம் என்றார் ராக்கியண்ணன். மாடு யாருடையது என்று கேட்டார். காங்கேயத்துக்காரருடையது. பணம்? கோபிக்காரருடையது. உங்களுக்கு? இரண்டு பக்கமும் தரகு வரும் என்று ராக்கியண்ணன் பெருமையாகச் சொன்னார். விலை ஏறினாலும் இறங்கினாலும் தரகு தரகுதான் என்றும் சொன்னார்.

குரு தலையை ஆட்டினார். பிறகு வலது கையை நீட்டினார்.

"எனக்கும் ஒரு பேரம் இருக்குதுங்க ஐயா. துண்டைப் போடுங்க."

ராக்கியண்ணன் தயங்கினார். நாற்பது வருஷத்தில் அந்தத் துண்டுக்குள் ஒரு பெண் கை வந்ததில்லை. சுற்றிலும் நாலைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கை கைதானுங்க. போடுங்க."

போட்டார்.

மூன்று லட்சத்தையும் காயினில் போட்டுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார் குரு. அதில் எவ்வளவு போனால் உங்களுக்குத் தாங்கும்? வாயில் சொல்ல வேண்டாம், விரலில் சொல்லுங்கள், கணக்கு லட்சத்தில்.

ராக்கியண்ணன் யோசிக்கவே இல்லை. அவர் தோள் ஒரு தடவை அசைந்தது, அவ்வளவுதான். குருவின் மூன்று விரலைப் பிடித்துவிட்டார் என்று பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. மொத்தமும் போனாலும் தாங்கும் என்று அர்த்தம். நாற்பது வருஷக் கை. நடுங்கவில்லை.

குரு கையை உருவவில்லை. பதிலுக்கு அழுத்தவும் இல்லை. மழையைப் பற்றியும் பேசவில்லை.

"பணம் யாருதுங்க ஐயா?"

"பாவாயிதுங்க."

"அப்பறம் எதுக்குங்க என்ற கையைப் பிடிச்சிட்டு இருக்கீங்க?"

குரு மெல்லக் கையை எடுத்துக்கொண்டு, நேரமாகிறது என்று எங்களிடம் சொல்லிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டார். ராக்கியண்ணன் துண்டை எடுக்கவே இல்லை. கை நீட்டியபடி அப்படியே நின்றார். துண்டின் ஓரம் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் காற்று இல்லை.

இரண்டு சனிக்கிழமை ராக்கியண்ணன் வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை வந்தார். அவராகவே எழுந்து நின்று சொன்னார்.

வீட்டில் பேச்சை எடுக்கவே நாலு நாள் ஆனதாம். பேரம் பேசத் தெரியாதவன்போல வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாராம். ஐந்தாம் நாள் பாவாயி புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது போய் எதிரில் உட்கார்ந்தார். ஷேரில் போட்டது எவ்வளவு, எங்கே இருக்கிறது, எல்லாம் சொன்னார். பிறகு காயினைப் பற்றிச் சொன்னார். பாவாயி கையை நிறுத்தாமலே கேட்டாராம். அதைக் கண்ணால் பார்க்க முடியுமா? முடியாது. அதற்கு வட்டி வருமா, கன்று போடுமா? இல்லை. நமக்கு வேண்டாம் என்றால் யார் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்? இன்னொருத்தன் வாங்க வந்தால்தான். வராவிட்டால்? வராவிட்டால் இல்லை.

இவ்வளவையும் உள்ளபடி சொன்னேன் அம்மணி, ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை என்றார். எந்தச் சந்தையிலும் அப்படிப் பேசியதில்லையாம்.

வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தாராம். பாவாயி சொல்லவில்லை. தரணி பையன் பைக்கை முறுக்கியது அந்தம்மாவுக்கும் காதில் விழுந்திருந்தது. ஊரெல்லாம் நனைகிற மழையில் நம்ம முற்றத்திலும் நாலு சொட்டு விழட்டுமே என்று அந்தம்மாவுக்கும் ஆசை இருந்தது. புளிக்கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, நீட்டினாராம்.

"தரகன் பொண்டாட்டிக்கு விரல் கணக்குத் தெரியாமயா போயிரும்? துண்டைப் போட்டேனுங்க அம்மணி. இருவத்தி மூணு வருசம் பால் பீச்சின கை. எத்தனை ஆயிரம் பேர் கையைப் பிடிச்சிருப்பேன். அந்தக் கையைத் துண்டுக்குள்ள பிடிச்சது அன்னிக்குத்தான். என்ற கை ஆடிப்போச்சுங்க. அவ கை ஆடல."

அரை மணி நேரம் பேசினார்களாம். இவர் அழுத்த, அவர் மறுக்க, அவர் ஒரு விரலை மடக்க, இவர் விட்டுக்கொடுக்க. நூறு ரூபாய் தரகுக்காகப் பொய்ச் சத்தியம்கூடச் செய்திருக்கிறேன், அவளிடம் ஒரு விரல்கூட ஏமாற்ற முடியவில்லை என்றார். கடைசியில் படிந்தது. போனால் போகட்டும் என்று அந்தம்மா விட்டுக்கொடுத்த தொகை எவ்வளவோ, அவ்வளவு மட்டும் காயினில். அதற்குமேல் ஒரு ரூபாய் கிடையாது. ஏறினாலும் கிடையாது.

எவ்வளவு, எவ்வளவு என்று நாங்கள் எட்டுப் பேரும் கேட்டோம். ராக்கியண்ணன் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். துண்டுக்குள் பேசியதை வெளியே சொல்கிற வழக்கம் தனக்கு இல்லை என்றார். குரு மட்டும் கேட்கவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு நின்றார்.

அந்தக் காயின் அதற்குப் பிறகும் ஏறியது. இரண்டு மடங்கு ஆயிற்று. தரணி மாமாவைக் கேலி பண்ணினான். வகுப்பில் நாங்களும் பண்ணினோம். அத்தைகிட்ட இன்னொரு விரல் கேட்டுப் பாருங்க என்றுகூட ஒருவர் சொன்னார். ராக்கியண்ணன் சிரித்துக்கொள்வார். பேசியது பேசியதுதான் என்பார். ஐந்தாம் தேதி வந்தால் குளித்து, திருநீறு பூசி, ஷேருக்குரிய தொகையை மட்டும் போட்டுவிட்டுச் சந்தைக்குப் போய்விடுவார்.

என் கதையைக் கேட்காதீர்கள். கேட்டால் சொல்கிறேன். என் மனைவி பேரில் ஒரு வைப்பு நிதி இருந்தது. அவளிடம் கையெழுத்து மட்டும் வாங்கினேன். எதற்கு என்று அவள் கேட்டாள். கடை விஷயம் என்றேன். துண்டு போடுவதாவது, துணி போடுவதாவது. எடுத்துக்கொண்டுபோய் மொத்தமாகக் காயினில் போட்டேன்.

அதிலிருந்து ஆறாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காயின் இறங்க ஆரம்பித்தது. புதன் இறங்கியது. வியாழன் கொஞ்சம் ஏறுவதுபோல் ஏறிவிட்டு, வெள்ளிக்கிழமை தலைகுப்புற விழுந்தது. நூறு ரூபாய் இருந்த இடத்தில் இருபது ரூபாய்தான் மிச்சம். அந்தக் கலவரத்தில் ஷேர் விலைகளும் சேர்ந்து இறங்கின. தரணி பைக்கை விற்கப் போனான் என்று கேள்விப்பட்டோம்.

சனிக்கிழமை பத்து மணி வகுப்புக்கு நாங்கள் ஒன்பதரைக்கே போய் உட்கார்ந்திருந்தோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ராக்கியண்ணன் கடைசியாக வந்தார். துண்டை உதறி பெஞ்சில் போட்டு, முன் வரிசையில் உட்கார்ந்தார். ஷேர்கள் என்ன ஆயின என்று ஒருவர் கேட்டதற்கு, மாடு இப்பவும் தொட்டியில் மிச்சம் வைக்கவில்லை, நேத்து ஐந்தாம் தேதி, சொன்ன தொகையைப் போட்டுவிட்டேன் என்றார்.

குரு அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். காயின் விஷயத்தை வீட்டில் சொல்லிவிட்டீர்களா?

"நேத்துச் சாயங்காலமே சொல்லிட்டேனுங்க."

"என்ன சொன்னாங்க?"

"நாம பேசினது அவ்வளவுதானே, அதுக்குள்ளதான போயிருக்குது, வா சோறு ஆறுதுன்னாளுங்க."

என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு வார்த்தை திட்டவில்லையா, அழவில்லையா என்று கேட்டேன். ராக்கியண்ணன் என் பக்கம் திரும்பினார். எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. குரலை இறக்கித்தான் சொன்னார்.

"என்னை எதுக்குத் தம்பி திட்டுவா? விலை பேசினது அவ."

கீழே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. பத்துப் பேர் இருந்த அந்த அறையில், அங்கே இல்லாத ஒரு பெண்மணியை நாங்கள் எல்லோரும் கும்பிடாத குறையாக நினைத்துக்கொண்டிருந்தோம். முழங்கால் வலியோடு எங்கேயோ ஒரு வீட்டில் அந்தம்மா அப்போது அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். இவ்வளவு பெரிய காரியம் செய்தது அவருக்கே தெரிந்திருக்காது.

குரு சாக்பீஸை எடுத்தார், எழுதாமல் வைத்தார். ராக்கியண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டின் வாயைத் திறக்காமலே வயசு சொல்கிற மனுஷன். மனுஷ முகம் தெரியாதா அவருக்கு.

"ஏனுங்க அம்மணி. தப்பா நெனைக்கக் கூடாது. நீங்க மொதமொதல்ல இதுல பணம் போட்டப்ப யாரு கையைப் பிடிச்சுப் பேசுனீங்க?"

குரு விரலில் ஒட்டியிருந்த சுண்ணாம்புத் தூளைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்துச் சொன்னார்.

"பணம் எங்கம்மாதுங்க. மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கண்ணசந்திருந்தாங்க. எழுப்ப வேண்டாம்னு நெனச்சேன்."